மணற்சரிவில் ஒரு குடும்ப வீடு

வீடு கட்ட நிலம் தேடுகின்றவர் எவரும் சமதரையையே முதலில் விரும்புவர். சமதரை கிடையாதபோது, அல்லது கிடைத்தும் விலை கட்டாதபோது, சரிவான நிலத்தை வாங்கிவிட்டு அதனை எப்படியாவது சமமாக்கிவிட வேண்டும் என்று எண்ணுவது வழக்கம். இந்த எண்ணம் எவ்வளவு செலவையும் தொல்லையையும் கொண்டுவருகின்றது என்பதையும், சரிவை அழிக்காமல் அதனையே துணையாகக் கொண்டு ஒரு குடும்பத்துக்கு வேண்டிய வீட்டை எவ்வாறு வகுக்கலாம் என்பதையும் இன்று ஆராய்வோம்.

இடம் ஆலங்குடா. கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலே, நுரைச்சோலைக்கும் தலவிலவுக்கும் அண்மையில் உள்ள ஊர். மேற்கே பெருங்கடல், கிழக்கே, தீபகற்பத்தின் மறுபுறத்தில், புத்தளம் கடனீரேரி. கரையோரம் மணற்றிட்டு உயர்ந்து நிற்கும். அதன் உட்புறம் கிழக்கு நோக்கிச் சரிந்து, வெங்காயமும் மிளகாயும் பயிராகும் தோட்டநிலங்களில் போய் முடியும். கண்டியிலோ பதுளையிலோ காணப்படும் மலைச்சரிவை நினைத்துக்கொண்டு இந்தச் சரிவைப் பார்த்தால், இதுவும் ஒரு சரிவா என்று தோன்றும். ஆயினும் கல்லும் களியும் கொண்ட மலைச்சரிவுக்கும் வெறும் மணலாலான சரிவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மணல் நிற்காது, நீரைத் தடுக்காது, காற்றோடு நகரும்.

1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் மிகப் பலர் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கினர். ஆலங்குடாவிலும் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. கிடுகுக் குடிசைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த குடும்பங்கள் சிறிது சிறிதாகக் காணி வாங்கின. 2007ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கிற்று. வீட்டுக்காரரே நின்று கட்ட, வேலை முன்னேற முன்னேறப் பணம் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. இவ்வாறு சிறு காணியில், அளவான பணத்தில், குடும்பத்தவரே மேற்பார்வை செய்து கட்டும் வீட்டையே நான் மனத்தில் வைத்துப் பேசுகின்றேன். கடற்காட்சிக்காகக் கட்டப்படும் உல்லாச விடுதிகளுக்கு வேறு ஆலோசகர்கள் இருக்கின்றனர்.

கணக்குக்கு இலகுவாக இருபது பேர்ச் காணியொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. இருபது பேர்ச் 5,445 சதுர அடி. காணி மேற்குக் கிழக்காக 99 அடி நீளமும் தெற்கு வடக்காக 55 அடி அகலமும் கொண்டது என்க. மேற்கு எல்லை மணற்றிட்டின் பக்கம், அது உயரம். கிழக்கு எல்லையில் வீதி, அது பள்ளம். இரண்டுக்கும் இடையே ஒன்பதடி வீழ்ச்சி. அதாவது பதினோரடி நடந்தால் ஓரடி இறங்குகின்றோம்.

இந்த வீழ்ச்சியைக் கண்ணால் மதிக்கக்கூடாது. மணல்வெளியில் கண் ஏமாற்றும். ஒளி ஊடுருவும் மெல்லிய குழாயொன்றில் நீர் நிரப்பி, ஒரு முனையை மேற்குக் கட்டையிலும் மறுமுனையை அடுத்த கட்டையிலும் பிடித்தால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தை இரு கட்டைகளிலும் குறித்துத் தரைவரை அளந்தால், வேறுபாடு எவ்வளவோ அவ்வளவே வீழ்ச்சி. குழாயினுள் காற்றுக்குமிழி அகப்படாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தடிக்கொரு கட்டை அடித்து, காணி முழுவதையும் இப்படி அளப்பதற்கு ஒரு முற்பகல் போதும். அந்த முற்பகலைச் செலவிடாது அத்திவாரம் வெட்டத் தொடங்கியவர் பிற்பாடு லொறி லொறியாக மண் வாங்குவதைக் காணலாம்.

வீடு முப்பதடி அகலமும் முப்பத்துமூன்றடி ஆழமும் உடையதாக இருக்கட்டும். காணியை மேற்கிலிருந்து கிழக்காக மூன்று சம பாகமாக்கினால் நடுப்பாகத்தில் இது சரியாக அமரும். மேலே 33 அடி பின்வளவு. கீழே 33 அடி முன்முற்றம். வீடு நிற்கும் பாகத்தில் மட்டும் மூன்றடி வீழ்ச்சி இருக்கும். இதனை என்ன செய்வது?

வழக்கமான விடை, கீழ்ப்பக்கத்தை மூன்றடி உயர்த்தி நிரப்பி ஒரே தளமாக்குவது. அதற்கு வேண்டிய மண் 1,485 கன அடி. நம் நாட்டுக் கணக்கில் ஏறத்தாழப் பதினைந்து கியூப். மண்ணின் விலையோடு தொல்லை தீராது. புதிதாகக் கொட்டிய மணல் படிப்படியாக இறங்கும். அரையடிக்கு ஒருமுறை நீர் ஊற்றி இடித்து இறுக்காவிட்டால், கட்டி முடித்த இரண்டாம் ஆண்டில் தளத்தின் கீழ்ப்பாதி வெடித்துச் சாயும். இதற்கு மறுதலையாக, மேற்பக்கத்தை மூன்றடி வெட்டி இறக்கலாமே என்று சிலர் கேட்பர். உலர்ந்த மணல் ஏறத்தாழ முப்பது முதல் முப்பத்துநான்கு பாகை சாய்விலேதான் ஓய்ந்து நிற்கும். மூன்றடி செங்குத்தாக வெட்டினால், தாங்குமதில் இல்லாதவிடத்து, ஏறக்குறைய ஐந்தடி தூரத்துக்குப் பின்னாலுள்ள மணல் சரிந்து வந்த பின்பே அமைதியடையும். எல்லையருகே வெட்டினால் அந்த ஐந்தடி அயலவருடைய வேலியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. வீட்டை இரண்டு பாதியாகப் பகுத்து, மேற்பாதியின் தளத்தைக் கீழ்ப்பாதியின் தளத்தைவிட ஒன்றரை அடி உயர்த்தி வைப்பது. ஆறு அங்குலப் படி மூன்று, அவ்வளவே வேறுபாடு. இரண்டு பாதியையும் நிரப்பியே சமமாக்கினாலும் மண் பாதியாகக் குறைந்து ஏழரைக் கியூப் ஆகும். ஒவ்வொரு பாதியிலும் மேல்விளிம்பில் ஒன்பது அங்குலம் வெட்டி, அந்த மண்ணையே கீழ்விளிம்பில் இட்டால், இடவேண்டிய மண் இரண்டு கியூபுக்கும் குறைவு. அதுவும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. பதினைந்து எங்கே, இரண்டு எங்கே! சுவர்களின் அத்திவாரம் மாத்திரம் இட்ட மண்ணில் நில்லாமல், அதற்குக் கீழே அசையாத பழைய மணலில் படிபடியாக இறங்கி நிற்க வேண்டும். கீழ்ப்பக்க அத்திவாரத்தை இன்னும் ஓரடி ஆழமாக்குதல் நன்று; மழைநீரும் காற்றும் முதலில் அரித்து வெளிக்காட்டுவது அந்த மூலைகளையே. கொங்கிறீற்றுக்குக் கடற்கரை மணலை அள்ளிப் போடுவதை யாரும் அனுமதிக்க வேண்டாம். அதிலுள்ள உப்புக் கம்பியைத் துருவாக்கிவிடும்.

இந்த முறை புதுமையன்று. கண்டியில், சரிவான நிலமொன்றில், மினெற் டி சில்வா அம்மையார் வகுத்த கருணாரத்ன இல்லம் 1951ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் 1948இல் இணையுறுப்பினராகத் தெரிவான முதல் ஆசியப் பெண்மணி அவர். குன்றைத் தட்டையாக்காமல் வீட்டையே பல மட்டங்களாக்கிக் குன்றின்மேல் இறக்கி வைத்தார். பின்னர் 1958இல் கண்டி வட்டாபுளுவவில் அரசாங்க ஊழியருக்கான வீடமைப்பை வகுத்தபோது, குடியேறவிருந்த குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர், எங்கே சமைக்கின்றனர் என்றெல்லாம் கேட்டறிந்த பின்பே வரைபடத்தில் கைவைத்தார். நிலத்தை அளப்பது போலவே குடும்பத்தையும் அளக்க வேண்டும் என்பதை நம் நாட்டில் செய்து காட்டியவர் அவர். கண்டிச் சரிவில் கல்மதில் நிற்கும். ஆலங்குடாவில் அது செலவு. ஆகையால் அவருடைய முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருளை நம்மூருக்கேற்ப மாற்றுவோம்.

இனிக் குடும்பத்துக்கு வருவோம். தாயும் தந்தையும், மூன்று பிள்ளைகளும், முழங்கால் நோவுள்ள ஒரு பாட்டியாரும் என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப்பாதி வீதிப்பக்கம், அங்கே விறாந்தை, விருந்தினர் இருக்கும் மண்டபம், பாட்டியாரின் அறை, மலசலகூடமும் குளியலறையும். மேற்பாதியில் குடும்பத்தார் புழங்கும் கூடம், இரண்டு படுக்கையறைகள், குசினி. விருந்தினருக்கும் வீட்டுப் பெண்களுக்கும் இடையே திரை கட்டும் வழக்கமுள்ள வீடுகளில், மூன்று படியும் ஒரு திருப்பமும் அந்தத் திரையின் வேலையைத் தாமே செய்துவிடும்.

பாட்டியாரைக் குசினிக்கு அருகே மேலே வைப்பதா, மலசலகூடத்துக்கு அருகே கீழே வைப்பதா என்பதில் பல வீடுகளில் வாதம் எழும். எனது தீர்ப்பு கீழே என்பதே. உணவை அவரிடம் கொண்டு போகலாம். மலசலகூடத்தைக் கொண்டு போக முடியாது. இரவில் எழுந்து நடக்கும் முதியவரின் வழியில் ஒரு படியும் இருத்தலாகாது. படிக்குப் பதிலாகச் சாய்தளம் வேண்டுமாயின், ஓரங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. பதினெட்டு அங்குலத்துக்குப் பதினெட்டு அடி. வீட்டினுள் அதற்கு இடமில்லை. வீட்டின் வடபக்கத்து நடைவழியில் வெளியே அமைக்கலாம். காணி 55 அடி, வீடு 30 அடி. மிஞ்சும் 25 அடியைச் சரிபாதியாக்காமல் தெற்கே எட்டும் வடக்கே பதினேழுமாக விட்டால் இடம் தாராளம்.

குசினியை வடகிழக்குப் பக்கமாகத் தள்ளி வைக்க நான் சொல்வதற்குக் காரணம் காற்று. மே மாதம் தொடங்கிப் புரட்டாதி வரையில் தென்மேற்கிலிருந்து வீசும் காற்றைக் கற்பிட்டிக் கரையில் நின்று அனுபவித்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டில் மாம்புரியில் காற்றாலைகளை நட்டதும், பட்டத்தைப் பிடித்து அலைமேல் ஓடும் விளையாட்டுக்குப் பிறநாட்டார் இக்கரையைத் தேடி வருவதும் அந்தக் காற்றை நம்பியே. அடுப்பைத் தென்மேற்கில் வைத்தால் ஐந்து மாதம் வீடு முழுதும் புகை. மனையடி சாத்திரம் பார்ப்போர் அக்கினி மூலை என்று தென்கிழக்கைச் சொல்வர். இந்தக் கரையில் காற்றின் சொல்லையே கேட்கலாம் என்பது என் எண்ணம்.

காற்றோடு மணலும் வரும். மணற்றிட்டைத் தாண்டி வரும் காற்று அதன் மறைவில் வேகம் குறையும்போது, சுமந்து வந்த மணலைக் கீழே போட்டுவிடும். திட்டின் அடிவாரத்தை ஒட்டி வீடு கட்டியவர் ஒவ்வோராண்டும் பின்சுவரிலிருந்து மணலை அள்ளுவது இதனாலே. மேலே 33 அடி விட்டதற்கு இது ஒரு காரணம். மேற்குச் சுவரில் யன்னல்கள் சிறியனவாகவும் உயரத்திலும் இருக்க, கிழக்குச் சுவரில் பெரியனவாக இருக்கலாம். இரட்டை மட்ட வீட்டில் இன்னுமொரு வசதி உண்டு. மேற்பாதிக் கூரை கீழ்ப்பாதிக் கூரையைவிட ஒன்றரை அடி உயர்ந்து நிற்குமாதலால், இரண்டுக்கும் இடையே கிழக்கு நோக்கிய நீண்ட வெளி கிடைக்கும். அதனைக் காற்றுத்துளைக் கற்களால் அடைத்தால், கூரையடியில் தேங்கும் வெப்பம் அவ்வழியே வெளியேறும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வாடைமழை வடகிழக்கிலிருந்து அடிப்பது. ஆகவே மேற்கூரையின் இறப்பை அவ்வெளிக்கு மேலாக இரண்டடியாவது நீட்ட மறக்கக்கூடாது.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் பணநட்டம், அல்லது அசௌகரியம். இனிச் சொல்வதில் தவறு நேர்ந்தால் நோய். கிணற்றையும் மலசலகூடக் குழியையும் பற்றியே பேசுகின்றேன்.

கற்பிட்டித் தீபகற்பத்துக்கு ஆறு கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. அதுவே கிணற்றுநீர். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது அறிவியற் கணக்கு. கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் அச்சம் விளங்கும். பெரிய மோட்டாரால் இடைவிடாது இறைத்து நீர்மட்டத்தை ஓரடி இறக்கினால், கீழேயுள்ள உப்பு நாற்பதடி மேலெழ முற்படும்.

இந்த நன்னீருக்கு மேலே மணலைத் தவிர வேறு காவல் இல்லை. களிமண் நிலத்தில் அழுக்குநீர் மெல்ல ஊறும், மணலில் ஓடிவிடும். நம் நாட்டில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே ஐம்பதடியாவது வேண்டும் என்று சொல்வது வழக்கம். அகதிகள் முகாம்களுக்காக வகுக்கப்பட்ட சர்வதேச ஸ்பியர் அளவுகோல், நிலத்தடி நீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீற்றர், அதாவது ஏறத்தாழ நூறடி என்கின்றது. குழியின் அடி, நிலத்தடி நீர்மட்டத்திலிருந்து 1.5 மீற்றர், அதாவது ஐந்தடி, உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றது. நமது காணியே 99 அடி. நூறடி கிடைக்காது. கிடைப்பதை எவ்வாறு கூடியவரை பயன்படுத்துவது?

கிணறு மேலே, குழி கீழே என்பதை எவரும் ஊகிப்பர். நிலத்தடி நீரும் மணற்றிட்டின் அடியிலிருந்து தாழ்நிலம் நோக்கி நகர்வதால் அது சரியே. பின்வளவில், மேல் எல்லையிலிருந்து எட்டடியில் கிணறு. முன்முற்றத்தில், எண்பதாவது அடியில் குழி. இடைத்தூரம் 72 அடி. ஆனால் இங்கேதான் சரிவு ஒரு சூழ்ச்சி செய்கின்றது. தரை சரிந்தாலும் நிலத்தடி நீர்மட்டம் அதேயளவு சரிவதில்லை. இவ்வளவு சிறிய தூரத்தில் அது ஏறக்குறையச் சமமாகவே கிடக்கும். மழைக்காலத்தில் கிணற்றடியில் நீர் பன்னிரண்டு அடி ஆழத்தில் இருந்தால், ஆறரை அடி தாழ்ந்த முன்முற்றத்தில் அது வெறும் ஐந்தரை அடியில் இருக்கும். ஐந்தடி இடைவெளி விட்டால் குழிக்கு எஞ்சுவது அரையடி! கோடையில் குழி வெட்டி, நீர் காணவில்லை என்று மகிழ்ந்தவரின் குழி கார்த்திகையில் நிலத்தடி நீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். ஆகவே ஆழத்தை அளக்க வேண்டிய மாதம் கார்த்திகை அல்லது மார்கழி.

இந்தச் சூழ்ச்சிக்கு மாற்றும் சரிவிடமே உண்டு. மலசலகூடம் இருக்குமிடம் வேறு, அதன் தொட்டி இருக்குமிடம் வேறு. மலசலகூடம் வீட்டின் கீழ்ப்பாதியில், பாட்டியாரின் அறைக்கு அருகே இருக்கின்றது. அத்தளம் முன்முற்றத்துத் தரையைவிட ஏறத்தாழ மூன்றடி உயரம். இருபதடிக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்ற சாய்வுப்படி அரையடி வீழ்ச்சி போதும். பீங்கானுக்கும் வளைவுக்கும் ஓரடி போனாலும் ஒன்றரை அடி மிஞ்சும். அந்த ஒன்றரை அடியைக் கொண்டு, நீர் கசியாத தொட்டியைத் தரைக்குமேல் பாதி உயர்ந்து நிற்குமாறு கட்டி, அதிலிருந்து வரும் நீரை ஆழக்குழியில் விடாமல், தரையளவில் மணலைக் குவித்து அகலமாக அமைத்த மேடைக்குள் பரவி ஊறவிடலாம். மேடைமேல் புல்லும் பூஞ்செடியும் வளரும். வீதியால் போவோருக்கு அது ஒரு திண்ணையாகவே தோன்றும். பீங்கானைக் கிப்லாவுக்கு முகமோ முதுகோ காட்டாது வைக்க வேண்டிய முஸ்லிம் வீடுகளில், கிப்லா இங்கிருந்து மேற்குக்குச் சற்று வடக்காக இருப்பதால், தெற்கு வடக்காக வைத்தல் பொருந்தும். இதனை வரைபடத்திலேயே குறித்துவிட்டால், கொத்தனாரோடு பின்னர் பிணங்க வேண்டியதில்லை.

நமது கீழ்ப்பக்கம் அயலவரின் மேற்பக்கமாக இருக்கலாம் என்பதை நினைக்க வேண்டும். வீதிக்கு அப்பால் இருப்பவரின் கிணறு எங்கே? வடக்கு அயலவர் தமது கிணற்றைத் தம் முன்முற்றத்தில் வெட்டியிருந்தால், அது நமது மேடையிலிருந்து இருபதடியில் இருக்கக்கூடும். ஒரு வரிசையிலுள்ள எல்லா வீட்டாரும் கிணறுகளை மேலேயும் தொட்டிகளைக் கீழேயும் வைக்க உடன்பட்டால் அனைவருக்கும் நலம். ஒருவர் மாறினாலும் இருபுறத்தாருக்கும் கேடு. அத்திவாரக் கல் வைக்குமுன் வேலிக்கு இருபுறமும் போய்ப் பேசிவருவது, வரைபடம் கீறுவதைவிட முந்திய வேலை.

தோட்டநிலத்துக்கு அண்மையில் வாழ்வோருக்கு மற்றொன்று. ஆண்டு முழுதும் பசளையிட்டுப் பயிர் செய்யும் இப்பகுதியில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆறுமாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது இரத்தத்தின் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து உடல் நீலம் பாரிக்கச் செய்யவல்லது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவதே உண்மை. எனவே கைக்குழந்தை உள்ள வீட்டில் கிணற்றுநீரைப் பரிசோதிப்பித்தல் அவசியம். கூரைநீரையும் புறக்கணிக்கக்கூடாது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால், சிந்துவது போக 400 கலன் நீர் கிடைக்கும். மேற்பாதிக் கூரையின் பின்னிறப்பில் பீலி வைத்து, குசினி அருகே தொட்டியில் சேர்த்தால், அது தானாகவே குசினிக்கு வரும்.

திட்டின்மேல் படர்ந்துள்ள அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் துப்புரவு என்ற பெயரில் செருக்கி எடுப்பவர்கள் உண்டு. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம்மவர் வாக்கு. இங்கே அது நேர்ப்பொருளிலேயே உண்மை. அந்தக் கொடிதான் மணலைக் கட்டி வைத்திருக்கின்றது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில், யால கரையோரத்தில் கடற்காட்சிக்காக மணற்றிட்டை அகற்றியிருந்த விடுதியொன்று அழிந்தது. அதன் அயலில் திட்டுகள் குலையாது நின்ற பகுதிகளில் அலை உட்புகவில்லை. புத்தளக் கரை அன்று பெரும்பாலும் தப்பியது. ஆயினும் ஆலங்குடாவின் திட்டை வெட்டி விற்பவருக்கு அந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர்நீர்க் குறியிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர்வரை கரையோர வலயமாகும்; அதற்குள் கட்டடம் எழுப்ப அனுமதிப்பத்திரம் வேண்டும். காணிக்கு முற்பணம் கொடுக்குமுன்னரே, அக்காணி வலயத்துக்கு உள்ளா வெளியா என்று பிரதேச செயலகத்தில் கேட்டறிக.

பின்வளவில் கிணற்றுக்கும் வீட்டுக்கும் இடையே எஞ்சிய நிலத்தில், காற்றுக்கு எதிராகத் தென்மேற்கு மூலையில் பூவரசங் கதியால்களை நெருக்கமாக நட்டு, அவற்றின் மறைவில் முருங்கையும் வாழையும் வைக்கலாம். கிணற்றடி நீரை வாழைக்கு விடுகின்ற வாய்க்காலைச் சரிவுக்கு நேரே கீறாமல் குறுக்காகக் கீறுக. நேரே கீறினால் முதல் மழையிலேயே அது பின்சுவரின் அத்திவாரத்துக்கு வழிகாட்டிவிடும்.